ஜீப் எஞ்சினீயர் ரூஸ்

ஜீப் வண்டியை அறியாதார் நம்முள் எவருமிலர். அதனை ஆக்கியோருள் ஒருவரான டெல்மர் ரூஸின் பெயரைப் பௌதிகம் பயிலும் நண்பர் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. மோட்டார்த் தொழிலிலோ அவர் பெரும் பெயர் பெற்றவர்.

நான் அவரைத் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்கள் ஊர். வள்ளியூரிலிருந்து பிழைப்பு நாடிக் குடிவந்த என் தந்தையார் காட்டாக்கடையில் பட்டறை வைத்திருக்கிறார். 1956இல் மொழிவழி எல்லை வகுத்தபோது கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. எங்கள் ஊர் அன்று அந்தத் தாலுகாவில் இருந்தது. அம்பூரி, கோட்டூர்ப் பக்கத்து மலைச்சரிவுகளிலிருந்து ரப்பரும் மரச்சீனியும் சுமந்து இறங்கும் பழைய ஜீப்புகள் பட்டை ஒடிந்து பட்டறைக்கு வரும். அடியில் அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் எஃகு ஸ்பிரிங்கைத்தான் பட்டை என்கிறோம். இந்தப் பட்டையின் கதையே ரூஸின் வாழ்க்கையில் பாதி எனலாம்.

ரூஸ் 1888இல் அமெரிக்காவில் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் எஞ்சினீயரிங் பயின்றார். நண்பர்களுக்கு அவர் பார்னி. லோகோமொபைல் முதலிய நிறுவனங்களில் பணியாற்றி, 1926இல் ஸ்டூடிபேக்கர் நிறுவனத்தின் தலைமை எஞ்சினீயரானார். அங்கே எட்டு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய பிரசிடெண்ட் கார் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. ஆயினும் நமக்கு வேண்டியது அவருடைய மற்றொரு வேலை.

அக்காலத்துக் கார்களில் முன்சக்கரம் இரண்டும் மாட்டுவண்டியிற் போல ஒரே அச்சில் கோக்கப்பட்டிருந்தன. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அச்சு முழுதும் சாயும், மறு சக்கரமும் உடன் சாயும், ஸ்டீயரிங் நடுங்கும். ரூஸ் அந்த அச்சையே எடுத்துவிட்டார். காரின் குறுக்கே ஒரே ஒரு பட்டைக் கட்டை வைத்து, அதன் இரு முனைகளிலும் சக்கரங்களைத் தனித்தனியே அசையவிட்டார். 1935ஆம் ஆண்டு மாடல்களில் வந்த இந்த அமைப்புக்குப் பிளேனார் என்று பெயர். ஒரு சக்கரத்தின் துன்பம் மற்றொன்றைத் தொடவில்லை.

பின்னர் இங்கிலாந்தில் ரூட்ஸ் நிறுவனத்தில் சில காலம் இருந்தார். 1938இல் அமெரிக்கா திரும்பி, டொலீடோ நகரத்து வில்லிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். நொடித்துக் கிடந்த நிறுவனம் அது. 48 குதிரைச் சக்தி தந்துகொண்டிருந்த அவர்களுடைய சிறு எஞ்சினை, அளவைப் பெருக்காமலே 60 குதிரைச் சக்தி தரும்படி திருத்தினார்.

1940இல் அமெரிக்க ராணுவம் நாற்சக்கரமும் இழுக்கும் சிறு வண்டி கேட்டது. முதலில் வண்டி கொணர்ந்தது பேண்டம் என்னும் சிறு நிறுவனம்; வரைந்தவர் கார்ல் பிராப்ஸ்ட். ஜீப்பின் பெருமையை ரூஸ் ஒருவருக்கே சூட்டுவோர் இதனை மறக்கலாகாது. வில்லிஸின் வண்டி வலியது, ஆனால் கனத்தது. ராணுவம் வைத்த வரம்பு 2,160 பவுண்டு. வண்டியோ அதைவிட ஏறத்தாழ 250 பவுண்டு மிகுதி. எஞ்சினை மாற்ற ரூஸ் இசையவில்லை. வண்டியை அக்கக்காகக் கழற்றினார். போல்ட்டுகளின் நீளத்தைக் குறைத்தார்; மெல்லிய எஃகைத் தேர்ந்தார்; இரண்டாம் பூச்சு பெயிண்டுக்குக்கூட இடமில்லாத அளவுக்குக் கனத்தைக் குறைத்தார் என்பர். 1941 ஜூலையில் 16,000 வண்டிகளுக்கான ஆர்டர் வில்லிஸுக்குக் கிடைத்தது.

இங்கேதான் என் வியப்பு. அச்சை ஒழித்துப் புகழ் பெற்ற அதே ரூஸ், ஜீப்பின் முன்னும் பின்னும் முழு அச்சையே வைத்தார். அவற்றை நான்கு பட்டைக் கட்டுகளின் மேல் நிறுத்தினார். பேண்டம் காட்டிய வழி அது. மலிவானது, உறுதியானது, விரைவில் செய்யக்கூடியது என்பதும் உண்மை. ஆனால் காட்டுவழியில் அதற்கு வேறொரு தகுதியும் உண்டு. ஒரு முன்சக்கரம் பாறையில் ஏறும்போது, அச்சு துலாக்கோல் போல் சாய்ந்து மறு சக்கரத்தைக் கீழே பள்ளத்துக்குள் அழுத்துகிறது. பட்டைகள் சக்கரங்களுக்கு உட்புறம் தள்ளி அமைந்திருப்பதால், இந்தச் சாய்வை அவை அவ்வளவாக எதிர்ப்பதுமில்லை. நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்.

நிற்காவிட்டால் என்ன ஆகும்? சாதாரண டிஃபரன்சியல் ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் சம விசையே தரும். ஒன்று அந்தரத்தில் தொங்கினால் அது வீணே சுழலும். தரையில் நிற்பதற்கும் விசை கிட்டாது. மழைக்காலத்தில் கோட்டூருக்கு மேலே, சுரமுற்ற குழந்தையை ஏற்றி வந்த ஜீப் ஒன்று இவ்வாறு ஒரு பின்சக்கரமும் ஒரு முன்சக்கரமும் தூக்கி நின்றதைக் கண்டிருக்கிறேன். எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினோம். பட்டறையில் சோதித்தபோது காரணம் தெரிந்தது: சுமை தாங்க வேண்டுமென்று உடையவர் பின்புறம் இரண்டு தடித்த பட்டைகளைக் கூடுதலாகச் செருகியிருந்தார். பட்டை விறைத்தது, அச்சு சாய மறுத்தது.

இதற்கு மாற்று கணக்கிலேயே இருக்கிறது. பட்டையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப மாறும். தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. எனவே ஒரு தடித்த பட்டைக்குப் பதில் பாதித் தடிப்பில் இரண்டு வைத்தால் விறைப்பு நாலில் ஒன்றாகும். சுமை தாங்கும் வலுவும் பாதியாகும். ஆகவே மெல்லிய பட்டைகள் பல வேண்டும். நீளம் கூடினால் இன்னும் நன்று. பட்டைகளுக்கிடையே துருவகற்றிக் கிரீஸ் இடவேண்டும். முனையிலுள்ள ஷேக்கிளும் புஷ்ஷும் தடையின்றி அசையவேண்டும். சக்கரம் இறங்கும் தூரத்துக்கு ஷாக் அப்சார்பரும் நீளவேண்டும். குட்டையான ஷாக் அப்சார்பரை மாட்டிவிட்டுப் பட்டையை நோவதில் பயனில்லை. எங்கள் பட்டறையில் அந்த ஜீப்புக்கு இவற்றையே செய்தோம். சுமையைச் சற்றுக் குறைத்து ஏற்ற உடையவரை இசைவித்ததுதான் கடினமான வேலை.

ரூஸ் தம் பழைய எண்ணத்தை விட்டுவிடவில்லை. போருக்குப் பின் 1946இல் வந்த வில்லிஸ் ஸ்டேஷன் வேகனில் மீண்டும் குறுக்குப் பட்டை, தனித்தனிச் சக்கரங்கள். அது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி, நல்ல சாலைக்குரியது. 1949இல் அதே வேகனை நாற்சக்கரமும் இழுக்கும்படி செய்தபோது, முன்புறத்தில் முழு அச்சும் நீளவாட்டுப் பட்டைகளும் திரும்பி வந்தன.

இதற்கிடையே 1947 முதல் வில்லிஸ் ஜீப்பை மகீந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்தவையே எங்கள் மலைக்கு ஏறும் பழைய வண்டிகள். வில்லிஸ் 1953இல் கெய்சர் வசமாயிற்று. ரூஸ் 1960இல் காலமானார். 1996இல் வெளிவந்த ராங்ளர் ஜீப்பில் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் புகுந்தது. முன்புறத்து முழு அச்சு மட்டும் அவ்வாறே வைக்கப்பட்டது.