செல்லாத மணத்தைச் செல்ல வைத்தவர்



ஆடி கழிந்து ஆவணி பிறந்துவிட்டால் மடத்துக்குளத்தில் மேளச் சத்தம் ஓயாது. பனியன் கம்பெனியில் வாரக்கூலி வாங்கும் தம்பியும், கரும்புக் காட்டில் வெயில் குடிக்கும் அண்ணனும் கணக்குப் போடுகிறார்கள். எந்த மண்டபம்? எத்தனை இலை? எவ்வளவு வட்டி? எல்லாம் கேட்கிறார்கள், எந்த முறைத் திருமணம் என்று மட்டும் கேட்பதில்லை. அதைச் சோதிடரிடம் விட்டுவிடுகிறார்கள்! அந்தக் கேள்வியையே சட்டமன்றம் வரை கொண்டுசென்ற ஒருவரின் வாழ்வை இன்று நினைவூட்ட விரும்புகிறேன்.

1909 செப்டம்பர் 15. காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார் அண்ணாதுரை. மாளிகையில் அல்ல, தறிச் சத்தம் கேட்கும் தெருவில்! வளர்த்தவர் தொத்தா இராசாமணி அம்மையார். பச்சையப்பன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1930-இல், இராணி அம்மையாரைக் கைப்பிடித்தார். பெரியவர்கள் பார்த்து, அந்நாளைய வழக்கப்படி நடத்திய திருமணம் அது. புரட்சி பேசப்போகும் வாய்க்கு அன்று வயது இருபத்தொன்று.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1934-இல் திருப்பூரில் ஓர் இளைஞர் மாநாடு. ஆம் தோழர்களே, நாம் பஸ் ஏறிப் போய் உழைத்துத் திரும்பும் அதே திருப்பூர்தான்! அங்கேதான் பெரியாரை முதன்முதலாகச் சந்தித்தார் அந்த எம்.ஏ. பட்டதாரி. பின்னர் ஈரோடு சென்றார், 'விடுதலை'யில் எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். மாநாட்டு மேடைகள் மட்டுமா? மணமேடைகளும் அவருக்குப் பாசறைகளாயின.

சுயமரியாதைத் திருமணம் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1928-இல், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத திருமணம் நடந்தது. ஓமப்புகை இல்லை, புரியாத மந்திரம் இல்லை. பெண்ணும் ஆணும் சரிநிகர் என்று ஊரறியச் சொல்லி இணைந்தார்கள். சிக்கனம் அதில் ஒரு பகுதி. மானமே அதன் உயிர்.

அந்த ஆசானும் மாணவனும் பிரியக் காரணமானதும் ஒரு திருமணமே என்பது வரலாற்றின் விசித்திரம். 1949-இல் பெரியார் மணியம்மையாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அண்ணா மனம் நொந்து விலகினார். செப்டம்பர் 17-இல் திராவிட முன்னேற்றக் கழகம் உதித்தது. வழி பிரிந்தது, கொள்கை பிரியவில்லை.

1953-இல் இடி விழுந்தது. சாத்திரச் சடங்கும் இல்லை, தொன்றுதொட்ட வழக்கமும் இல்லை. ஆகவே சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக ஊரறிய மணந்தவர்கள் என்ன ஆவார்கள்? மனைவி மனைவி இல்லையாம்! பெற்ற பிள்ளைக்குச் சொத்துரிமை இல்லையாம்! 1955-இல் வந்த இந்துத் திருமணச் சட்டமும் வழக்கமான சடங்கையே கேட்டது. மேடையில் வாழ்த்திய தலைவர்களை நம்பி வந்த பெண்கள் சட்டத்தின் வாசலில் நின்றார்கள்.

அண்ணா அதை மறக்கவில்லை. 1967 மார்ச்சில் முதலமைச்சரானார். நவம்பரிலேயே திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்து, 7-ஏ என்ற பிரிவு பிறந்தது.

அது சொல்வது என்ன? உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும். அல்லது தாலி கட்டினாலும் போதும். மூன்றில் ஒன்று இருந்தால் திருமணம் செல்லும். புரோகிதர் தேவையில்லை. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கும் இது பொருந்தும் என்று எழுதியதே இச்சட்டத்தின் பெருமை. நரைத்த தலைகளுக்கும் நியாயம் கிடைத்தது!

தமிழ்நாடு என்ற பெயர், இருமொழிக் கொள்கை, சுயமரியாதைத் திருமணச் சட்டம். இந்த மூன்றையும் தந்துவிட்டு, இரண்டாண்டு ஆட்சி நிறைவதற்குள், 1969 பிப்ரவரி 3-இல் கண் மூடினார் காஞ்சித் தலைவர்.

அவர் மறைந்தார், சட்டம் காவல் நிற்கிறது. மனைவி இருக்க மறுமணம் செய்த ஒருவர், ஏழடி நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே இல்லை என்று தப்பப் பார்த்தார். 2001-இல் உச்சநீதிமன்றம் 7-ஏ பிரிவைக் காட்டி, தாலி கட்டியதே திருமணம் என்று அந்தக் கதவை அடைத்தது. 2023-இல், இப்பிரிவின்படி மணம் முடிக்க ஊர் கூட்டிய விழா தேவையில்லை என்றும் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வீட்டாரின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடிவரும் காதலருக்கு அது எத்தனை பெரிய அரண்!

ஆகவே, திருமணம் பேசும் தோழர்களே, முறைகளை அறிந்து தேர்ந்தெடுங்கள். ஓமம் வளர்த்து ஏழடி நடப்பது ஒரு முறை. நம் கொங்கு நாட்டில் அருமைக்காரர் சீர் செய்து நடத்துவது இன்னொரு முறை. ஐயர் இல்லாமலே நம் பாட்டன்மார் மணம் முடித்ததற்கு அதுவே சாட்சி! வெவ்வேறு மதத்தவர் மதம் மாறாமல் இணைய 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு; அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சுயமரியாதை முறைக்கோ இரு மாலையும் ஈர நெஞ்சும் போதும்.

எந்த முறையானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009 முதல் அது கட்டாயம். பந்தல் பிரிந்த பிறகு பெண்ணுக்குக் கை கொடுப்பது அந்தக் காகிதமே.

ஒரு நாள் விருந்துக்கு ஐந்தாண்டுக் கூலியை அடகு வைக்காதீர்கள். கடனில்லாத வீட்டில், சரிசமமாய் வாழும் இருவர்! அண்ணாவுக்கு நாம் சூட்டும் மாலை அதுவே.