மெட்டில் விளைந்த தமிழ்: கவியரசு கண்ணதாசன்

நுழையும்முன்

தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பெங்களூரில் தமிழ் நேற்று வந்து சேர்ந்த மொழியன்று என்பதற்கு அவை சான்று. ஆயினும், இந்நகரில் வளரும் தமிழ்க் குழந்தைகள் பலருக்குத் தமிழ் கல்வெட்டின் வழியாகவோ நூலின் வழியாகவோ அறிமுகமாவதில்லை. வீட்டில் ஒலிக்கும் திரைப்பாடலின் வழியாகவே அறிமுகமாகிறது. தாத்தாவும் பாட்டியும் விரும்பிக் கேட்கும் அத்தகைய பாடல்கள் பலவற்றை எழுதியவர் கவியரசு கண்ணதாசன். அவர் வாழ்வையும், மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதனோடு அவர் கொண்ட நட்பையும் இப்பாடத்தில் அறிவோம்.

இளமை

காரைக்குடியை அடுத்த சிறுகூடல்பட்டியில் 1927ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் சாத்தப்பன், விசாலாட்சி இணையருக்கு மகனாகப் பிறந்தார் கண்ணதாசன். பெற்றோர் இட்ட பெயர் முத்தையா. இளம் வயதிலேயே மற்றொரு குடும்பத்திற்குத் தத்துக் கொடுக்கப்பட்டார். அங்கு அவர் பெயர் நாராயணன் ஆயிற்று. அமராவதிபுதூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை பயின்றார். பள்ளிப்படிப்பு அத்துடன் நின்றதே தவிர, படிக்கும் ஆர்வம் நிற்கவில்லை. கம்பரையும் சித்தர்களையும் பட்டினத்தாரையும் தாமே கற்றார்.

எழுத்தாளராக வேண்டும் என்னும் விருப்பத்தோடு இளம்பருவத்திலேயே வீட்டை விட்டுச் சென்னைக்குச் சென்றார். பின்னர்த் திருமகள் என்னும் இதழில் ஆசிரியப் பணி கிடைத்தது. கண்ணதாசன் என்னும் புனைபெயர் அக்காலத்தில் அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டது. பிற்காலத்தில் தென்றல், முல்லை, கண்ணதாசன் முதலிய இதழ்களையும் நடத்தினார். 1953ஆம் ஆண்டு, டால்மியாபுரம் என்னும் ஊர்ப்பெயரைக் கல்லக்குடி என மாற்றக் கோரி நடந்த போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். சிறையிலும் எழுதுகோலைக் கீழே வைக்காமல் மாங்கனி என்னும் காவியத்தைப் படைத்தார்.

திரையுலகில் நண்பர்கள்

1949ஆம் ஆண்டு வெளிவந்த கன்னியின் காதலி திரைப்படத்தில் கண்ணதாசனின் முதல் பாடல் இடம்பெற்றது. அந்தப் படத்தைத் தயாரித்த ஜூபிடர் நிறுவனத்தில் இளமையில் சிறு வேலைகள் செய்து இசை கற்றவர் எம்.எஸ். விசுவநாதன். பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928ஆம் ஆண்டு பிறந்த அவருடைய தாய்மொழி மலையாளம். அவர் பிறந்த நாளும் ஜூன் 24 ஆகும். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவர், கண்ணூரில் தாத்தாவின் ஆதரவில் வளர்ந்து, நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார்.

சி.ஆர். சுப்பராமன் என்னும் இசையமைப்பாளரின் குழுவில் விசுவநாதன் ஆர்மோனியம் வாசித்தார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த டி.கே. ராமமூர்த்தி அதே குழுவில் வயலின் வாசித்தார். 1952ஆம் ஆண்டு சுப்பராமன் திடீரென மறைந்தபோது, அவர் முடிக்காமல் விட்ட படங்களை இவ்விருவரும் சேர்ந்து முடித்துக் கொடுத்தனர். அன்று தொடங்கிய கூட்டு 1965ஆம் ஆண்டு வரை நீடித்தது. பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் ஆகிய படங்கள் 1961ஆம் ஆண்டிலும், காதலிக்க நேரமில்லை, கர்ணன் ஆகியவை 1964ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இவற்றின் இசை அவ்விருவருடையது, பாடல் கண்ணதாசனுடையது. ராமமூர்த்தி தனியே பிரிந்த பின்னரும் கண்ணதாசனும் விசுவநாதனும் தொடர்ந்து இணைந்து பணியாற்றினர்.

மெட்டும் சொல்லும்

திரைப்பாடல் பிறக்கும் முறை இரண்டு. கவிஞர் முதலில் பாட்டை எழுத, இசையமைப்பாளர் அதற்கு இசை சேர்ப்பது ஒரு முறை. கே.வி. மகாதேவன் இம்முறையைப் பெரிதும் விரும்பினார். மெட்டை முதலில் அமைத்து, அதற்கேற்பக் கவிஞர் சொற்களைத் தருவது மற்றொரு முறை. கண்ணதாசன் இரு முறைகளிலும் வல்லவர். ஆயினும், இரண்டாம் முறையே கவிஞருக்குக் கடினமானது. அதில்தான் அவர் திறன் முழுமையாக வெளிப்பட்டது.

இயக்குநர் கதையின் சூழலை விளக்குவார். விசுவநாதன் ஆர்மோனியத்தை வாசித்தபடி, பொருளற்ற ஓசைகளால் மெட்டைப் பாடிக் காட்டுவார். அந்த ஓசைக்குத் தத்தகாரம் என்று பெயர். தான தான தானனா என்பது ஓசை எனக் கொள்வோம். மாலை வேளை வானிலே என்னும் சொற்றொடர் அதில் சரியாக அமரும். மாலைப் பொழுதின் வானத்தில் என்றால் பொருள் ஏறத்தாழ அதுவே. ஆனால் ஓசை பொருந்தாது. குறில் வரவேண்டிய இடத்தில் நெடில் வந்தால் பாடுபவரின் நா தடுமாறும். எனவே ஓசையும் பொருந்த வேண்டும், கதைக்கும் பொருந்த வேண்டும், கேட்பவருக்கும் உடனே விளங்க வேண்டும். இம்மூன்றையும் சில நிமிடங்களில் நிறைவேற்றினார் கண்ணதாசன். பெரும்பாலும் அவர் தம் கையால் எழுதாமல் வாயால் சொல்வார்; பஞ்சு அருணாசலம் முதலிய உதவியாளர்கள் அதனை எழுதிக்கொள்வர்.

இக்கூட்டில் ஒருவர் பேசும்போது மற்றவர் செவி கொடுக்க வேண்டும். மெட்டின் ஏற்ற இறக்கத்தைக் கவிஞர் கேட்டார். சொல்லின் பொருளையும் உணர்ச்சியையும் இசையமைப்பாளர் கேட்டார். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் தமிழ்ச் சொல்லின் அழகை மதித்து இசைத்தமையால் அப்பாடல்கள் இன்றும் தெளிவாகக் காதில் விழுகின்றன.

பழைய செல்வம், புதிய வடிவம்

கண்ணதாசன் தாம் கற்ற இலக்கியத்தை எளிய சொற்களில் மக்களிடம் கொண்டு சேர்த்தார். பாத காணிக்கை (1962) படத்தில் வாழ்வின் நிலையாமையைக் கூறும் பாடல் ஒன்று உண்டு. அதன் அடிப்படைக் கருத்து பட்டினத்தார் பாடலிலிருந்து வந்தது. வாழ்க்கைப் படகு (1965) படத்தின் பாடல் ஒன்றில், முன்பின் அறியாத இருவர் அன்பால் ஒன்றாவதைக் கூறும் குறுந்தொகைக் கருத்து எதிரொலிக்கிறது. நூல்களைப் படிக்கும் வாய்ப்பில்லாத உழைப்பாளிகளும் அப்பாடல்களின் வழியே பழந்தமிழின் சுவையை அறிந்தனர்.

அவர் வாழ்வில் தோல்விகளும் இருந்தன. சொந்தமாகத் திரைப்படம் எடுத்தார். மாலையிட்ட மங்கை (1958) வெற்றி பெற்றது. கவலையில்லாத மனிதன் (1960) அவரைக் கடனில் ஆழ்த்தியது. தம் குறைகளையும் தவறுகளையும் மறைக்காமல் வனவாசம் என்னும் தன்வரலாற்று நூலில் எழுதினார். அந்த நேர்மையே அவர் சோகப் பாடல்களுக்கு உண்மையின் வலிமையைத் தந்தது.

உலகின் பிற மொழிகளிலும் இத்தகைய இணைகள் உண்டு. ஆங்கிலத்தில் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடல் படைத்தனர். இந்தியில் கவிஞர் ஷைலேந்திராவும் சங்கர், ஜெய்கிஷன் இரட்டையரும் புகழ் பெற்றனர். அவ்வரிசையில் தமிழின் பங்களிப்பு கண்ணதாசன், விசுவநாதன் இணையாகும்.

புகழும் நிறைவும்

குழந்தைக்காக (1968) திரைப்படத்தின் பாடலுக்காகக் கண்ணதாசன் தேசிய விருது பெற்றார். சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவர் அவரே. அப்படத்திற்கு இசையமைத்தவர் விசுவநாதன். 1978ஆம் ஆண்டு தமிழக அரசு கண்ணதாசனை அரசவைக் கவிஞராக்கியது. சேரமான் காதலி என்னும் புதினம் 1980ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

1981ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்றிருந்தபோது உடல் நலிவுற்று, அக்டோபர் 17ஆம் நாள் சிகாகோ நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 54. விசுவநாதன் 2015ஆம் ஆண்டு மறைந்தார்.

தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடலுக்கு இசையமைத்தவரும் அதே விசுவநாதனே. அதனை இயற்றிய மனோன்மணீயம் சுந்தரனார் ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்தவர். தமிழ் ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் மட்டும் வளர்ந்த மொழியன்று. எந்த ஊரில் வாழ்ந்தாலும், அதனைச் செவி கொடுத்துக் கேட்டு, அன்போடு கற்பவருக்கு அது சொந்தமாகிறது.

சொல்லும் பொருளும்

மெட்டு – பாடலின் இசை வடிவம்
தத்தகாரம் – பொருளற்ற ஓசைகளால் மெட்டைக் காட்டுதல்
புனைபெயர் – எழுத்தாளர் தாமே வைத்துக்கொள்ளும் பெயர்
நிலையாமை – எதுவும் நிலைத்து நில்லாத தன்மை
புதினம் – நாவல்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கண்ணதாசனின் இயற்பெயர் யாது?
2. கண்ணதாசன், விசுவநாதன் ஆகிய இருவருக்கும் பொதுவான நாள் எது?
3. கண்ணதாசன் சிறையில் இயற்றிய நூல் எது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. மெட்டுக்குப் பாட்டு எழுதுவது ஏன் கடினமானது?
2. கண்ணதாசன் பழைய இலக்கியத்தை மக்களிடம் எவ்வாறு கொண்டு சேர்த்தார்?

இ. பிரித்து எழுதுக.
1. திரைப்பாடல் 2. பழந்தமிழ் 3. அவ்விருவரும்

ஈ. செய்து பார்க்க.
1. தான தான தானனா என்னும் ஓசைக்கு ஏற்ப நீங்களே இரண்டு சொற்றொடர்களை அமைத்து, நண்பரிடம் பாடிக் காட்டுக. ஓசை எங்கே தடுமாறுகிறது என்பதை அவரிடம் கேட்டுத் திருத்துக.
2. உங்கள் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவர்க்குப் பிடித்த கண்ணதாசன் பாடல் எது, ஏன் பிடிக்கும் என்று கேட்டு, அவர் கூறிய காரணத்தை உங்கள் சொற்களில் ஐந்து தொடர்களாக எழுதுக.