கடலை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்

கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. பச்சைச் செடிகளுக்கு நடுவே மீன்கள் நீந்துகின்றன. பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால், கடலில் பிடித்த ஜீவனைத் தொட்டியில் விட்டு நாலு நாள் உயிரோடு காப்பாற்றுவது ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. அந்த வித்தையை வீடுதோறும் பரப்பியவர் பிலிப் ஹென்றி காஸ் என்ற ஆங்கிலேயர். மீன்தொட்டிக்கு 'அக்வேரியம்' என்ற பெயரை நிலைக்கச் செய்தவரும் அவரே.

காஸ் 1810-ம் ஆண்டு வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று சிற்றோவியம் தீட்டிப் பிழைத்தவர். வீட்டில் வறுமை. 17-வது வயதில் காஸ் கப்பலேறி நியூபவுண்ட்லாந்து தீவுக்குப் போய்க் குமாஸ்தாவானார். கனடாவில் விவசாயம் செய்து கையைச் சுட்டுக்கொண்டார். அலபாமாவில் வாத்தியார் வேலை பார்த்தார். ஜமைக்காவில் பறவைகளைச் சேகரித்தார். பணம் சேரவில்லை, கண் மட்டும் கூர்மையாயிற்று.

1852-ல், ஓயாத எழுத்து வேலையால் உடல் நலம் கெட்டது. மனைவி எமிலியையும் கைக்குழந்தை எட்மண்டையும் அழைத்துக்கொண்டு டெவன் கடற்கரைக்குச் சென்றார். அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது.

கடல் வற்றும்போது பாறைக் குழிகளில் நீர் தேங்கி நிற்கும். அதற்குள் ஒரு தனி உலகம்! சிறு மீன்கள், இறால்கள், பூப்போல் விரியும் கடல் சாமந்திகள். கடல் சாமந்தி பூவல்ல, பிராணி. பாறையை இறுகப் பற்றியிருக்கும். பிய்த்தெடுத்தால் அடிப்பாகம் கிழிந்து செத்துவிடும். ஆகவே காஸ் உளியும் சுத்தியலும் கொண்டு, அது ஒட்டியிருந்த பாறைத் துண்டையே பெயர்த்தெடுத்தார். இடுப்பளவு நீரில் நின்று கொண்டு அவர் இந்த வேலை செய்வது வழக்கம்!

நீர்ச்செடி வெளிச்சத்தில் பிராணவாயுவை விடும். அதைப் பிராணிகள் சுவாசிக்கும். பொன்மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒன்றாக வளர்த்து, இதை நன்னீரில் காட்டியவர் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர். கடல்நீரிலும் அது பலிக்கும் என்று காஸ் கண்டார். முதலில் பச்சைக் கடற்பாசியை வைத்துத் தண்ணீரைப் பக்குவப்படுத்த வேண்டும். பிறகே பிராணிகளை விடவேண்டும், அதுவும் கொஞ்சமாக. செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும். உப்பு ஆவியாவதில்லை அல்லவா? கடலுக்குத் தொலைவில் இருப்போருக்காக, நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் வெளியிட்டார்.

1853-ல் லண்டன் மிருகக் காட்சிசாலையில், உலகின் முதல் பொது மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. அதற்குக் கடல் ஜீவன்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் காஸ் முக்கியமானவர். மறு ஆண்டு 'அக்வேரியம்' என்ற நூல் வந்தது. அவரே வரைந்த வண்ணப் படங்களைக் கண்டு ஜனங்கள் மயங்கினார்கள்.

பிறகு பிடித்தது பைத்தியம்! கண்ணாடி வரி 1845-லேயே நீங்கியிருந்ததால் தொட்டி மலிவு. ரயில் இருந்ததால் கடற்கரை பக்கம். சீமாட்டிகளும் கனவான்களும் கூடையும் சுத்தியலுமாகப் புறப்பட்டார்கள். காஸ் சொன்ன பொறுமை யாருக்கு இருந்தது? அள்ளி வந்ததைத் தொட்டியில் திணித்தார்கள், நாறியதும் கொட்டினார்கள், மறுபடி அள்ளப் போனார்கள்.

காஸுக்கும் சோதனைக் காலம். 1857-ல் எமிலி புற்றுநோயால் மாண்டார். அதே ஆண்டு, பூமியின் தோற்றம் பற்றி அவர் பெரிதாக நம்பி எழுதிய 'ஓம்பலோஸ்' என்ற நூலைப் படித்தவர்கள் பரிகசித்தார்கள். மகனை அழைத்துக்கொண்டு டெவன் கரையிலேயே குடியேறினார். இருவரும் நாள்தோறும் பாறைக் குழிகளில் இறங்கினார்கள். கடல் சாமந்திகளைப் பற்றி அவர் 1860-ல் முடித்த நூல் இன்றும் மதிப்புக் குறையாதது.

ஆனால், குழிகள் வெறுமையாகிக்கொண்டே வந்தன. தாம் எழுதிய நூல்களே அதற்கு வழி காட்டின என்பது காஸுக்குத் தெரியாமல் இல்லை. அது அவரை மிகவும் வருத்தியது என்று எட்மண்ட் பின்னாளில் எழுதினார். முதுமையில் காஸ் ஆர்க்கிட் செடிகளை வளர்த்தார். இரவில் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் நட்சத்திரம் பார்த்தார். 1888 ஆகஸ்டு 23-ந் தேதி காலமானார்.

எட்மண்ட் 1907-ல் வெளியிட்ட நூலில், தந்தையோடு தாம் குனிந்து பார்த்த அந்தக் குழிகளைப் பற்றிச் சொல்கிறார். அப்போது அவற்றில் பார்க்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.