பெயர் எழுத மறந்த இரு கருக்கள்

கோழி அடைகாத்தால் 21 நாளில் குஞ்சு வெளிவரும் என்பதை அறியாத வீடு இல்லை. ஆனால் அந்த ஓட்டுக்குள் நாளுக்கு நாள் நடப்பது என்ன? இதைக் கண்டறியத் தம் இளமையின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்டவர் கார்ல் எர்னஸ்ட் வான் பேயர்.

1792-ம் ஆண்டில், அக்காலத்தில் ருஷ்ய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த எஸ்தோனியாவில் அவர் பிறந்தார். வைத்தியம் கற்றார், ஆயினும் அவர் மனம் பிராணிகளின் உடலமைப்பையே நாடியது. 1817 முதல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் ஆசிரியராயிருந்து ஆராய்ச்சி செய்தார்.

பாலூட்டும் பிராணிகளின் கரு எதிலிருந்து உண்டாகிறது என்பது அன்று பெரும் மர்மமாயிருந்தது. 150 ஆண்டுகளுக்கு மேலாகத் தேடியும் அவற்றின் முட்டை எவர் கண்ணிலும் தெளிவாகப் படவில்லை. 1827-ல் பேயர் ஒரு பெண் நாயின் சினைப்பையை ஆராய்கையில், மஞ்சள் நிறமான சின்னஞ்சிறு புள்ளி ஒன்றைக் கண்டார். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து நோக்கியவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். தேடிய முட்டை அதுவே!

மனிதக் கரு முதலில் மீனாகி, பின்பு ஊர்வனவாகி, இறுதியில் மனிதனாகிறது என்று அந்நாளில் சில பண்டிதர்கள் போதித்தனர். பேயர் 1828-ல் வெளியிட்ட தமது நூலில் இதை மறுத்தார். மனிதக் கரு ஒருபோதும் மீன் ஆவதில்லை. மீனின் கருவும் மனிதனின் கருவும் தொடக்கத்தில் ஒத்திருக்கின்றன, அவ்வளவே. கோழிக் கருவைப் பாருங்கள். முதலில் அது முதுகெலும்புள்ள பிராணி என்று மட்டுமே தெரியும். பிறகு பறவை என்று தெரியும். கடைசியில்தான் கோழி என்று தெரியும். பொதுவான அடையாளங்கள் முந்தும். தனி அடையாளங்கள் பிந்தும். ஆகவே மீன், தவளை, ஊர்வன, பறவை, பாலூட்டி எனப் பிராணிகளை இனம் பிரிப்போர், முழு வளர்ச்சியடைந்த உடலை மட்டுமன்றிக் கருவையும் ஆராய வேண்டும் என்பது விளங்கிற்று.

இதற்கு அவர் காட்டிய சான்று ஒன்று இன்றளவும் பேசப்படுகிறது. மதுசாரத்தில் இட்டுவைத்த இரு சிறு கருக்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்ட மறந்துவிட்டார். பின்பு எடுத்துப் பார்த்தால், அவை பல்லியா, பறவையா, பாலூட்டியா என்று அவராலேயே கூற இயலவில்லை! கைகால்கள் இன்னும் முளைக்கவில்லை. தலையும் உடலும் அத்துணை ஒத்திருந்தன. உலகப் புகழ் பெற்ற அவர் இதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, அச்சிலேயே எழுதினார். அந்த மறதியே அவர் கொள்கைக்குச் சாட்சியாயிற்று.

பேயர் 1876-ல் காலமானார். கருக்கள் மிக ஒத்திருப்பது ஆரம்பத்திலன்று, சற்றுப் பின்பே என்று பிற்கால ஆராய்ச்சி திருத்தியுள்ளது. ஆயினும் அவர் வகுத்த பாதை மாறவில்லை.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லக் கூச வேண்டாம். தெரியாது என்று சொல்லத் துணிந்தவரிடமே மெய்யறிவு வந்து தங்குகிறது.