முறுவலியாத முகத்தார்

உலகை நகைப்பித்துத் தாம் நகையாதிருந்தவர் பஸ்டர் கீட்டன். அவர் 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள கான்ஸாஸ் மாகாணத்தில், நாடகமேடையையே பிழைப்பாகக் கொண்ட பெற்றோர்க்குப் பிறந்தார். இளமையிலேயே தந்தையார் தம்மை மேடையில் தூக்கியெறிய, ஊறின்றி விழும் வித்தையைக் கற்றார். தாம் சிரித்தால் அவையோர் சிரிப்புக் குன்றுமென்பதையும் ஆங்கே உணர்ந்தார்.

1917-இல் சலனப் படத்துறையிற் புகுந்த அவர், 1920 முதல் தம் படங்களைத் தாமே இயக்கி வெளியிடலானார். முகம் அசையாதிருக்க உடலே பேசவேண்டும். அவ்வுடல் முழுதும் தோன்றுமாறு காமிரா எட்ட நிற்கவேண்டும். நிகழ்வன மெய்யாகவே நிகழவேண்டும். இதுவே அவர்தம் முறை. 1926-இல் முடிந்த ‘தி ஜெனரல்’ படத்திற்காக மெய்யான ரயில் எஞ்சின் ஒன்று எரியும் பாலத்தினின்று ஆற்றில் வீழ்ந்தது. 1928-இல் வெளிவந்த ‘ஸ்டீம்போட் பில், ஜூனியர்’ படத்தில் வீட்டின் முன்சுவர் அவர்மீது சாய, திறந்த சன்னலின் இடைவெளியே அவரைக் காத்தது. அவர் சற்று விலகி நின்றிருப்பின் உயிர் போயிருக்கும்.

‘தி ஜெனரல்’ அந்நாளில் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. 1928-இல் அவர் எம்.ஜி.எம். கம்பெனியிற் சேர்ந்தார். நிலையான ஊதியம் வந்தது, சுதந்திரம் போயிற்று. கதையையும் காட்சியையும் பிறர் வகுத்தனர். மதுப்பழக்கம் வாழ்வைக் குலைத்தது. 1933-இல் வேலையும் பறிபோயிற்று.

ஆயினும் அவர் மீண்டெழுந்தார். பழைய படங்கள் மறுபடியும் திரையேற, 1960-இல் சிறப்பு ஆஸ்கார் விருது பெற்றார், 1966-இல் மறைந்தார். 1989-இல் ‘தி ஜெனரல்’ அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

வீழ்ச்சியைப் புலம்பலின்றி ஏற்று எழுவோனே அவர் படங்களின் நாயகன். அவ்வாறு எழுதல் மேடையில் கற்கத்தக்கதாயினும் வாழ்வில் அரிதென்பதை அவர் சரிதத்தால் நாம் அறிகின்றோம்.