விசுவநாத தாஸ்: மேடையில் முருகன், ஊரில் நாவிதர்

1886ஆம் ஆண்டு சிவகாசியில், நாவிதர் என்று ஊரார் ஒதுக்கிவைத்த மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் விசுவநாத தாஸ். பிறர் தலைமுடி திருத்துவதும் நோய்க்கு மருந்து தருவதும் பிள்ளைப்பேறு பார்ப்பதும் அச்சமூகத்தின்மீது சுமத்தப்பட்ட கடமைகள். அந்தக் கைகளின் உதவியின்றி ஊரில் பிறப்புமில்லை, இறப்புமில்லை. ஆயினும் சமமான இருக்கை மட்டும் கிடைத்ததில்லை. அச்சூழலிலிருந்து குரல் ஒன்றையே செல்வமாகக் கொண்டு அவர் நாடக மேடை ஏறினார். பின்னாளில் திருமங்கலம் அவரது வாழிடமாயிற்று.

அக்காலத்தில் தென்மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகம் செழித்திருந்தது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒன்றுகூடி, ஒத்திகையின்றியே சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை விடிய விடிய நடத்துவர். கதை அனைவரும் அறிந்தது. ஆதலால் இடையே புதுப்பாடலைச் சேர்க்க நடிகருக்கு உரிமை இருந்தது. அந்த இடைவெளியையே தாஸ் அரசியல் களமாக்கினார். தாமே இயற்றிய பாடல்களையும் மதுரகவி பாஸ்கரதாஸின் பாடல்களையும் அவர் பாடினார். 1919ஆம் ஆண்டின் ஜாலியன்வாலா பாக் படுகொலை, எழுத்தறியாத உழவருக்கும் அவர் பாட்டின் வழியே எட்டியது. வள்ளியின் தினைப்புனத்தில் பறக்கும் வெண்கொக்கு வெள்ளையரைக் குறிப்பதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை.

1876ஆம் ஆண்டின் நாடகத் தடைச் சட்டம் அரசின் கையில் இருந்தது. தாஸ் பலமுறை சிறை சென்றார். முருகன் வேடத்துடனேயே கைதான இரவுகளும் உண்டு. விடுதலையானதும் மீண்டும் அதே பாட்டுடன் மேடையேறினார்.

அரசின் அடக்குமுறையைப் பேசும் வரலாறு, சாதியின் அடக்குமுறையைக் கூறத் தயங்குகிறது. அவரது பிறப்பைக் காரணம் காட்டி, அவருக்கு இணையாக வள்ளி வேடம் ஏற்க நடிகையர் சிலர் மறுத்தனர். மேடையில் முருகனாக நின்றவரைக் கைகூப்பி வணங்கிய சமூகமே, வேடம் கலைந்ததும் அவரை நாவிதராக மட்டும் கண்டது. காவலரின் தடியைவிட நுண்மையான தண்டனை இது. இதற்குத் தீர்ப்பும் இல்லை, விடுதலை நாளும் இல்லை.

1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்' நடந்தது. மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 54.

திருமங்கலத்தில் இன்று அவருக்கு நினைவு மண்டபம் உள்ளது. தியாகி என்ற பட்டமும் உண்டு. ஆனால் அவர் இரு விலங்குகளுக்கு எதிராக நின்றவர். ஒன்றை மட்டும் நினைவுகூர்ந்து மற்றொன்றை மறைப்பது, அவரை மீண்டும் வேடத்துக்குள் அடைப்பதாகும்.