ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் அல்ல! 18 வயதில் மேரி ஷெல்லி எழுதிய எச்சரிக்கை

ஃபிராங்கன்ஸ்டைன்னு சொன்னதும் கழுத்தில் போல்ட் மாட்டிய பூதம்தான் ஞாபகம் வரும். ஆனா அது பூதத்தின் பெயரே இல்லை. அதை உருவாக்கிய விக்டர் என்ற இளைஞனின் குடும்பப் பெயர். பூதத்துக்கு நாவலில் பெயரே கிடையாது.

யார் இந்த மேரி ஷெல்லி?

1797 ஆகஸ்ட் 30-ல் லண்டனில் பிறந்தார். பெண்ணுரிமைக்காக எழுதிய தாய் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் 11 நாளில் இறந்துபோனார். 16 வயதில் கவிஞர் பெர்சி ஷெல்லியுடன் மேரி வீட்டை விட்டு வெளியேறினார். 1815-ல் குறைமாதத்தில் பிறந்த முதல் குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. அது மறுபடி உயிர் பெற்றதாகக் கனவு கண்டதை டைரியில் எழுதி வைத்தார்.

கோடை வராத வருடம்

1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக 1816-ல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் முடங்கிய நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன்.

அப்போது மின்சாரம்தான் பெரிய பேச்சு. இறந்த தவளையின் கால் மின்சாரம் பட்டால் துடிக்கும் என இத்தாலியின் கால்வானி காட்டியிருந்தார். 1803-ல் அவரது மருமகன் ஆல்டினி, தூக்கிலிடப்பட்டவரின் உடலில் மின்சாரம் பாய்ச்ச, தாடை அசைந்தது, ஒரு கண் திறந்தது. செத்த உடலுக்கு உயிர் கொடுக்க முடியுமா? அந்தக் கேள்வியிலிருந்து 18 வயது மேரியின் கதை பிறந்தது.

விக்டர் செய்த தப்பு என்ன?

பிண உறுப்புகளைச் சேர்த்து உயிர் கொடுத்த விக்டர், அது கண் திறந்ததும் பயந்து ஓடிவிடுகிறான். பெயர் வைக்கவில்லை, பேசவில்லை, பொறுப்பும் ஏற்கவில்லை. பார்த்தவர்களும் அடித்து விரட்ட, அன்புக்கு ஏங்கிய அந்த உயிர் கொலைகாரனாக மாறுகிறது. விக்டரின் தம்பி, நண்பன், மனைவி எல்லோரும் பலியாகிறார்கள்.

1818-ல் வெளியான முதல் பதிப்பு வெறும் 500 பிரதிகள்தான். அதில் மேரியின் பெயரும் இல்லை. 1822-ல் கணவர் கடலில் மூழ்கி இறந்தார். நான்கு பிள்ளைகளில் ஒரு மகன் மட்டுமே மிஞ்சினான். எழுதியே அவனை வளர்த்த மேரி, 1851-ல் 53 வயதில் காலமானார்.

ஏஐ பற்றிய விவாதங்களில் இன்றும் இந்த நாவல் வந்துவிடுகிறது. கண்டுபிடிக்கவே கூடாது என்று மேரி சொன்னதாகச் சிலர் நினைக்கிறார்கள். ஆனா விக்டர் ஓடிப்போன அந்த ராத்திரியில்தான் கதையின் எல்லா நாசமும் தொடங்குகிறது. உருவாக்கியவர்தான் அதை கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.